பாடம் வீட்டிலே, பழக்கம் வகுப்பிலே

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. ஏடே வேண்டாம் என்று அப்பழமொழி கூறவில்லை. ஏட்டில் கண்டதைக் கொடியிலும் உலையிலும் கண்டு பழக வேண்டும் என்பதே அதன் கருத்து. பிற தொழில்களுக்கெல்லாம் நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ளும் இவ்வுண்மையை ஆசிரியத் தொழிலுக்கு மட்டும் மறந்துவிடுகிறோம். தச்சனாக விரும்புகிறவன் தொடக்கத்திலேயே உளியைக் கையில் எடுக்கிறான். ஆசிரியராக விரும்புகிறவரோ, கற்பிப்பது எப்படி என்று பிறர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மாதங்களைக் கழிக்கிறார். இக்குறையைப் போக்குவதற்கென உலகின் பல பகுதிகளில் கையாளப்பட்டுவரும் ஒரு முறையைப் பற்றியும், தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு அது எவ்வாறு பயன்படும் என்பதைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் ஊர்களைக் கடந்தால் களியக்காவிளை வரும். பாறசாலை கேரளத்தைச் சேர்ந்தது. களியக்காவிளை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் தங்கிற்று. வரைபடத்தில் கோடு விழுந்ததே அன்றி மக்கள் பேச்சில் கோடு விழவில்லை. தென்னையும் வாழையும் மரச்சீனியும் இருபுறத்திலும் ஒன்றுபோலவே விளைகின்றன. பெண் கொடுப்பதும் கொள்வதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. இங்குள்ள சிறுவர் பலர் ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களையும் கலந்து பேசுவர். கலக்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இராது.

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வெல்லைக் கிராமங்களுள் ஒன்றில், தமிழ் வகுப்பு ஒன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பாடம் நடத்தியவர் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த ஓர் இளம்பெண். அவருடைய குரல் தெளிவாக இருந்தது. கரும்பலகை எழுத்து முத்து முத்தாக இருந்தது. பாடக் குறிப்பேடும் விதிப்படி எழுதப்பட்டிருந்தது. பின்வரிசையில் பயிற்சி விரிவுரையாளர் மதிப்பெண் தாளுடன் அமர்ந்திருந்தார். 'மழை பெய்தது, ஆற்றில் வெள்ளம் வந்தது' என்று அப்பெண் வாசித்தார். உடனே முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஆத்துல எப்பவும் வெள்ளம் உண்டுல்லா, டீச்சர்?" என்று கேட்டான்.

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவன் வீட்டில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம். ஆற்றில் தண்ணீர் வந்தது என்று ஒரு புத்தகம் வியந்து கூறுவானேன் என்பதே அவன் ஐயம். அப்பெண் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "பேசாமல் பாடத்தைக் கவனி" என்று கூறி அடுத்த வரிக்குச் சென்றார். சிறுவன் உட்கார்ந்தான். அந்த வகுப்பு முடியும்வரை அவன் மறுபடி வாய் திறக்கவில்லை.

வகுப்பு முடிந்தபின் அப்பெண்ணோடு உரையாடினோம். குழந்தையின் வீட்டுமொழியைப் பள்ளி மதிக்க வேண்டும் என்பதை அவர் அறிந்தே இருந்தார். அதைப் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டிருந்தார். தேர்வில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தார். ஆனால் ஒரு குழந்தை எழுந்து நின்று வீட்டுமொழியில் வினவும்போது அந்த நொடியில் என்ன சொல்வது என்பதை அவர் ஒருமுறையேனும் செய்து பழகியதில்லை. அவரிடம் குறை காண நமக்கு மனம் வரவில்லை. கேட்பதற்கு நேரம் இருந்த இடத்தில் செய்வதற்கு நேரம் இல்லாமற் போயிற்று, அவ்வளவே.

இந்த நேரத்தைத் தேடிக் கொடுப்பதுதான் நாம் கூறவந்த முறை. ஆங்கிலத்தில் இதனை 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம்' என்பர். 'தலைகீழ் வகுப்பறை' என்று தமிழில் சிலர் எழுதுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லில் முழு நிறைவு இல்லை. தலைகீழ் என்றதும் ஏதோ கெட்டுப்போயிற்று என்ற எண்ணம் தோன்றுகிறது. இங்கே கெட்டது ஒன்றுமில்லை, வரிசைதான் மாறுகிறது. ஆகவே 'வரிசை மாற்றிய வகுப்பு' என்று வழங்குவோம். வழக்கமான வகுப்பில் ஆசிரியர் பாடத்தை விளக்குகிறார். மாணவர் வீட்டுக்குச் சென்று பயிற்சிகளைச் செய்கின்றனர். வரிசை மாற்றிய வகுப்பிலோ, விளக்கத்தை மாணவர் முன்னதாகவே வீட்டில் படித்தோ, கேட்டோ, பார்த்தோ வருகின்றனர். பயிற்சியை ஆசிரியர் முன்னிலையில், ஒருவரோடொருவர் கூடிச் செய்கின்றனர். எந்த வேலையைத் தனியே செய்ய முடியுமோ அது வீட்டுக்குப் போகிறது. எந்த வேலைக்குத் துணை வேண்டுமோ அது வகுப்புக்கு வருகிறது.

இதன் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மாசூர், தம் மாணவர் கடினமான கணக்குகளைச் சூத்திரம் கொண்டு போட்டுவிடுவதையும், அதே தத்துவத்தைப் பற்றிய எளிய வினாவுக்கு விடை தெரியாமல் விழிப்பதையும் கண்டார். 1991ஆம் ஆண்டு முதல் அவர் தம் போதனா முறையை மாற்றினார். மாணவர் பாடத்தை முன்னரே படித்துவர வேண்டும். வகுப்பில் அவர் ஒரு வினாவை எழுப்புவார். ஒவ்வொருவரும் தனித்தனியே விடை குறிப்பர். பின்னர் அருகிலிருப்பவரோடு வாதித்து மீண்டும் விடை குறிப்பர். பெரும்பாலும் இரண்டாம் விடை முதல் விடையினும் சிறந்திருந்தது. ஒஹாயோ மாநிலத்திலுள்ள மயாமிப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் ஆசிரியர் மூவர் 2000ஆம் ஆண்டில் இத்தகைய வகுப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். கொலராடோ மாநிலத்தில் உட்லண்டு பார்க் என்னும் ஊரில், ஜொனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரு ரசாயன ஆசிரியர்கள், வகுப்புக்கு வரத் தவறிய மாணவர்க்காக 2007ஆம் ஆண்டில் தம் பாடங்களைப் படம் பிடிக்கலாயினர். வந்திருந்த மாணவரும் அப்படங்களைப் பார்த்துப் பயனடைவதைக் கண்டு, விளக்கவுரை முழுவதையும் வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடத் துணிந்தனர். 2012இல் அவர்கள் எழுதிய நூலால் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

இது முற்றிலும் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டா. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், பாடம் கேட்கும் மாணாக்கன் புலமையை எவ்வாறு அடைகிறான் என்று கணக்கிட்டுக் கூறுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்றாக மனங்கொண்டாலும் கால் பங்குதான் வந்து சேரும். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும் என்பது அவர் கணக்கு. இக்கணக்கை நம் பயிற்சிக் கூடங்களின் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கால் பங்கு தரும் வேலைக்கு முக்கால் பங்கு நேரத்தைச் செலவிட்டால், முக்கால் பங்கு தரும் வேலைக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கும்?

எந்த வகுப்புக்கும் பொருந்தும் இம்முறை, ஆசிரியரை உருவாக்கும் வகுப்புக்குச் சிறப்பாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. பௌதிக மாணவனுக்கு வகுப்பு, பாடம் கற்கும் இடம் மட்டுமே. பயிற்சி மாணவிக்கோ, அவள் நாளை நடத்தப்போகும் வகுப்பின் மாதிரியும் அதுவே. கூட்டு முயற்சியின் மேன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் தொடர்ந்து சொற்பொழிவு கேட்டவள், தானும் சொற்பொழிவு செய்யத்தான் கற்றுக்கொள்கிறாள். நாம் சொல்வதைவிட நாம் செய்வதே அவள் மனத்தில் பதிகிறது.

இனி, நடைமுறையில் இதனை எவ்வாறு செய்வது என்று காண்போம். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் பயிற்சி உருவாயிற்று. ஒரே ஒரு திறமையை மட்டும் எடுத்துக்கொண்டு, சில நிமிஷங்கள், சிலர் முன்னிலையில் கற்பித்துப் பார்ப்பது அது. நம் நாட்டில் அது பரவியபோது அதற்கு ஒரு காலக் கணக்கு ஏற்பட்டது. கற்பிக்க 6 நிமிஷம், குறைநிறை கேட்க 6 நிமிஷம், திருத்தித் திட்டமிட 12 நிமிஷம், மீண்டும் கற்பிக்க 6 நிமிஷம், மீண்டும் குறைநிறை கேட்க 6 நிமிஷம். ஆக 36 நிமிஷம். 45 நிமிஷப் பாடவேளையில் விரிவுரையாளர் 30 நிமிஷம் பேசிவிட்டால் இச்சுற்று ஒன்றுகூட முடியாது. அப்பேச்சை முதல்நாள் மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சுற்று நிறைவேறி, 9 நிமிஷம் மிஞ்சும்.

நாற்பது பேர் கொண்ட வகுப்பை எட்டுக் குழுக்களாகப் பிரித்தால் குழுவுக்கு ஐவர் வருவர். ஒருவர் ஆசிரியர், மூவர் மாணவர், ஒருவர் பார்வையாளர். எட்டுக் குழுக்களும் ஒரே வேளையில் பயிலும்போது ஒரு பாடவேளையில் எட்டுப் பேர் கற்பித்துப் பார்க்கின்றனர். ஐந்து பாடவேளைகளில் நாற்பது பேரும் ஒருமுறை எழுந்து நின்றிருப்பர். இதற்குப் புதுக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை.

நாம் கண்ட அப்பெண்ணுக்கு இம்முறையில் பயிற்சி கிடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்போம். முதல்நாள் மாலை, வீட்டுமொழியைப் பற்றிய இரண்டு பக்க அச்சுத்தாளோ, பத்து நிமிஷ ஒலிப்பதிவோ அவர் கைக்கு வருகிறது. அதன் முடிவில் மூன்று வினாக்கள். விடையெழுதி எடுத்துச் செல்வதே மறுநாள் வகுப்புக்கு நுழைவுச்சீட்டு. வகுப்பில் விரிவுரையாளர் ஐந்து நிமிஷத்தில் அவ்விடைகளைப் பார்த்து, எங்கே தெளிவில்லை என்று கண்டு, ஒரு சிறு விளக்கம் கூறுகிறார். பின் குழுக்கள் கூடுகின்றன. மாணவராக நடிக்கும் ஒருவரிடம் மட்டும் விரிவுரையாளர் ஒரு துண்டுச் சீட்டை ரகசியமாகக் கொடுக்கிறார். 'ஆற்றில் எப்போதும் வெள்ளம் உண்டே என்று கேள்' என்று அதில் எழுதியிருக்கிறது.

முதல் 6 நிமிஷத்தில் அப்பெண் திகைக்கிறார். திகைக்கட்டும், அங்கே திகைப்பதால் எந்தக் குழந்தைக்கும் கேடில்லை. தோழியர் கூடி ஆராய்கின்றனர். மீண்டும் கற்பிக்கும்போது அவர், "நீ சொல்வது சரிதான். உன் வீட்டில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். அந்த வெள்ளம் பெருகிக் கரை புரண்டால் என்ன என்பார்கள்?" என்று கேட்கிறார். "வெள்ளப்பொக்கம்" என்று விடை வருகிறது. "அந்த வெள்ளப்பொக்கத்தைத்தான் இந்தப் புத்தகம் சுருக்கமாக வெள்ளம் என்கிறது" என்று அவர் முடிக்கிறார். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளத்தை அறிந்த கேரளச் சிறுவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? இரு மொழிகளுக்கும் உள்ள உறவும் விளங்கிற்று. கேள்வி கேட்டவனுக்கும் பெருமை சேர்ந்தது. எல்லைப்புறத்தில் இப்படிப்பட்ட சொற்கள் பல. தமிழில் அவசரம் என்றால் விரைவு. மலையாளத்தில் அதே சொல் வாய்ப்பைக் குறிக்கும். தமிழில் சம்சாரம் என்றால் மனைவி அல்லது குடும்பம், மலையாளத்தில் பேச்சு. ஒவ்வொன்றும் ஒரு துண்டுச் சீட்டுக்கு உரியது.

விளக்கத்தைத் தொலைவிலிருந்து அனுப்பிப் பயிற்சியை நேரில் நடத்துவது நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. 1975-76ஆம் ஆண்டுகளில் துணைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிப் பரிசோதனை நடைபெற்றது. அப்போது கிராமப்புறத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் அளிக்கப்பட்டது. தொலைக்காட்சி மட்டும் பேசிவிட்டு ஓயவில்லை. வானொலி, அச்சுக் குறிப்பு, கையால் செய்து பார்க்கும் சோதனை ஆகியவையும் அதனோடு சேர்ந்திருந்தன. கேரளத்தில் விக்டர்ஸ் என்னும் கல்வித் தொலைக்காட்சியைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது, 2020 ஜூன் முதல் நாளிலிருந்து 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் அதன் வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. தமிழ்வழி, கன்னடவழி மாணவர்க்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன.

அந்த அனுபவம் இரு பாடங்களைக் கற்பித்தது. நல்ல விளக்கத்தை ஒருமுறை பதிவுசெய்தால் மலைக்கும் கடற்கரைக்கும் ஒருங்கே அனுப்பலாம் என்பது ஒன்று. எல்லா வீட்டிலும் அதைப் பெறும் வசதி இல்லை என்பது மற்றொன்று. தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர் சுமார் 2.6 இலட்சம் பேர் இருந்தனர் என்று அப்போது கேரளத்தில் கணக்கெடுக்கப்பட்டது. அவர்களுக்காக நூலகங்களிலும் பொது இடங்களிலும் ஏற்பாடுகள் செய்ய நேர்ந்தது. ஆகவே வரிசை மாற்றிய வகுப்பை நடத்துவோர் காணொலி ஒன்றையே நம்பியிருத்தல் கூடாது. அச்சுத்தாளும் ஒலிப்பதிவும் எளியோர்க்கு எட்டும். அவற்றால் ஆகாதது மிகக் குறைவு.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி உயிரியல் மாணவர் இரு பிரிவாகக் கற்பிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வரிசை மாற்றிய வகுப்பு. மற்றொன்றுக்கு வழக்கமான வரிசை. ஆனால் இரண்டிலும் மாணவர் தாமே ஆராய்ந்து செயல்படும் முறை கையாளப்பட்டது. முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகவே கற்றிருந்தனர். இதிலிருந்து நாம் அறிவது யாது? பயன் தருவது மாணவர் செயற்பட்டு முயல்வதே. காணொலி அதற்கு இடம் ஒழித்துத் தரும் ஏவலாள் மட்டுமே. பேச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்பிலும் பேசிக்கொண்டிருந்தால் மாணவர் சுமை இரட்டிக்குமே அன்றி அறிவு பெருகாது.

படிக்காமல் வருவோர் சிலர் எப்போதும் இருப்பர். அவர்களுக்காக வகுப்பில் மீண்டும் முழுப் பாடத்தையும் சொல்லத் தொடங்கினால், மறுவாரம் ஒருவரும் படித்துவர மாட்டார். அவர்களை ஒரு மூலையில் அமர்த்தி அச்சுத்தாளைப் படிக்கச் செய்து, பின்னரே குழுவில் சேர்ப்பது நலம். வேலைக்கும் வீட்டுப் பணிக்கும் இடையே படிக்கும் பெண்கள் பயிற்சி மாணவருள் பலர் என்பதை மறவாமல், வீட்டுப்பகுதி அரைமணி நேரத்தைத் தாண்டாமல் அமைப்பதும் கடமையாகும்.

இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் குறைந்தது இருபது வாரங்கள் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நல்ல விதிதான். எனினும், அந்த இருபது வாரங்களில் முதல் நாளே குழந்தைகள் முன் நிற்கும்போது, முன்னர்ப் பலமுறை தோழியர் முன் நின்று தவறித் திருந்தியவருக்கும், நின்றே அறியாதவருக்கும் வேறுபாடு இல்லையா?

நேயர்களே, இவையெல்லாம் பயிற்சிக் கல்லூரிகளின் கவலை அல்லவா, நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையோரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வாயிலாகக் கற்பிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்று அது மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் சட்டம் வகுப்பறையைத் திறக்கலாம். அதற்குள் நின்று கற்பிக்கத் தெரிந்த தமிழாசிரியரை அது படைத்துத் தர இயலாது. தமிழகத்துக்கு வெளியே அத்தகைய ஆசிரியரைப் பயிற்றுவிக்கவல்ல அறிஞர் அரியர். அரியவரோடு கிடைக்கும் நேரமும் அரியது. அந்நேரத்தை, அச்சிட்டே கொடுத்திருக்கக்கூடிய செய்திகளைச் சொல்வதற்குச் செலவிடுவது பெரும் இழப்பு.

மேலும், பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்போர் பலர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பி மறுநாள் பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் குடும்பத்தலைவியரும் குமாஸ்தாக்களும் ஆவர். அவர்களுக்கும் இம்முறை ஏற்றது. திங்களுக்கு ஒருமுறை கூடும்போது ஒருவர் பேசப் பலர் கேட்பதை விடுத்து, பேச்சை ஒலிப்பதிவாக முன்னரே அனுப்பிவிடுங்கள். கூடியபின் ஒருவர் ஆறு நிமிஷம் கற்பிக்கட்டும். மற்றவர் பிள்ளைகளாக மாறி, தத்தம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளையே கேட்கட்டும். மராத்தியும் இந்தியும் கன்னடமும் கலந்த கேள்விகள் வரும். வரட்டும்; அவற்றுக்கு விடை சொல்லப் பழகுவதுதான் பயிற்சி.

பாறசாலைப் பக்கத்துச் சிறுவன் கேட்ட கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. அத்தகைய கேள்வியோடு இன்னும் எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ ஊர்களில் எழுந்து நிற்பார்கள். தமிழ் தன் வீட்டுமொழி என்று அப்பிள்ளை எண்ணுவதும், பள்ளியில் ஏச்சு வாங்கித் தரும் மொழி என்று எண்ணுவதும் அந்த ஒரு கணத்தில் ஆசிரியர் கூறும் சொல்லைப் பொறுத்தன. அந்தச் சொல்லை அவர் முன்னரே பழகிவர நேரம் தேடிக் கொடுப்போமாக.